எஸ்தோனியாவின் ஊர்ப்பாதை



பால்டிக் கடலின் கீழைக் கரையிலே எஸ்தோனியா என்றொரு சிறு நாடு உண்டு. பரப்பிலே நமது இலங்கையினும் சிறியது. மக்கள் தொகையோ 13 இலட்சத்தைச் சற்றே கடந்தது. காடும் சதுப்பும் தீவுகளுமாகப் பரந்து கிடக்கும் அந்நாட்டின் ஊராட்சி மன்றங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட வரலாற்றையே இன்று கூற எண்ணுகின்றேன். கம்பியும் கருவியும் எங்கும் விலைக்குக் கிடைப்பன. ஒருவரைப் பற்றிய செய்தியை யார் வைத்திருப்பது, யார் பார்ப்பது, பார்த்தவர் யாரென்று அவருக்குத் தெரியுமா என்பனவே அந்நாட்டார் விடை தேடிய வினாக்கள்.

எஸ்தோனியர் தம் ஊராட்சியை ‘வால்ட்’ என்பர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள குடியானவர் பண்ணையடிமை நிலையிலிருந்து விடுபட்டனராயினும், ஊர்க் காரியங்களில் பண்ணைப் பிரபுக்களின் கை நீங்கவில்லை. 1866ஆம் ஆண்டுச் சட்டமே வால்டுகளைப் பிரபுக்களின் மேற்பார்வையிலிருந்து பிரித்துக் குடியானவரின் சொந்த மன்றங்களாக்கியது. எழுத்தும் கணக்கும் அறிந்த ஊர் எழுத்தர் ஒருவர் அங்கே அமர்ந்து பதிவேடுகளைப் பேணினார். 1918இல் பிறந்த குடியரசுக்கு இந்த மன்றங்களிலே பழகிய மக்கள் பெருந்துணையாயினர். 1940இல் சோவியத் ஒன்றியம் நாட்டைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. 1950இல் வால்டுகள் ஒழிக்கப்பட்டன.

1991இல் நாடு மீண்டும் விடுதலை பெற்றபோது ஊராட்சிகளின் முன் குவிந்த முதல் வேலை யாது? நிலம். 1940க்கு முன்னர் நிலமும் வீடும் உடையோராயிருந்தவர்களுக்கோ அவர்தம் வழித்தோன்றல்களுக்கோ சொத்தைத் திருப்பியளிக்க அவ்வாண்டிலேயே சட்டம் செய்யப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு முந்திய ஏட்டைத் தேடிப் பிடித்து, இவர் இன்னாரின் பேரன் என்று நிறுவினாலன்றிக் காணி கைக்கு வராது. பதிவேடு என்பது தூசி படிந்த காகிதமன்று, வயிற்றுப் பாட்டோடு பிணைந்த பொருள் என்பதை அம்மக்கள் அப்போதே அறிந்தனர். உறுதியைப் பறிகொடுத்துவிட்டுக் காணிக்கு வழக்காடிய குடும்பங்களைக் கண்ட நமக்கும் இது புதிதன்று.

அக்காலத்தில் அந்நாட்டின் தொலைபேசி அமைப்பு மிகப் பழையது. அண்டை நாடாகிய பின்லாந்து தான் கழித்த பழைய இணைப்பகத்தை இலவசமாகத் தர முன்வந்ததாகவும், எஸ்தோனியர் அதனை மறுத்துப் புதிய எண்முறை அமைப்பையே நாடியதாகவும் கூறுவர். ஏழைக்கு இலவசத்தை மறுப்பது எளிதன்று. மறுத்ததனால் விளைந்த நன்மை பின்னரே தெரிந்தது.

1996ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அதிபர் லென்னார்ட் மெரி ‘புலிப் பாய்ச்சல்’ என்னும் திட்டத்தை நாட்டுக்கு அறிவித்தார். பள்ளிகள் யாவற்றுக்கும் கணினியும் இணையத் தொடர்பும் வழங்குவதே அதன் நோக்கம். அப்போது வாஷிங்டனில் தூதராயிருந்தவரும் பின்னாளில் அதிபரானவருமாகிய தோமஸ் ஹெண்ட்ரிக் இல்வெஸ், கல்வி அமைச்சர் யாக் ஆவிக்சோ ஆகியோர் அதன் பின்னணியில் நின்றனர். ஆசிரியர்களிடையே எதிர்ப்பு எழாமலில்லை. சம்பளம் போதாத வேளையில் இயந்திரம் எதற்கென்ற அக்குரலில் நியாயம் இல்லையென்று ஆசிரியத் தொழிலில் நரைத்த நான் சொல்லமாட்டேன். எனினும், பல ஊர்களில் பள்ளிக்கூடமே இணையம் எட்டிப் பார்த்த முதல் கட்டடமாயிற்று. நூலகங்களிலும் ஊர் மனைகளிலும் பொதுமக்கள் கணினி பயன்படுத்த இடங்கள் திறக்கப்பட்டன. அவை எங்குள்ளன என்று காட்ட, மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழிக்குறியைத் தாங்கிய பலகைகள் தெருவோரங்களில் நாட்டப்பட்டன. 2001இல் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் கூடி அமைத்த நிதியம் ஒன்று, கணினியைத் தொட்டறியாத ஏறத்தாழ 1 இலட்சம் முதியோருக்கும் தொழிலாளருக்கும் அடிப்படைப் பயிற்சி அளித்தது. வளர்ந்தோரில் பத்தில் ஒருவர் என்னும் கணக்கு அது.

பெயர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எஸ்தோனிய மொழியில் ‘டே’ என்றால் பாதை. அரசாங்க அலுவலகங்களை நாடெங்கும் இணைக்க 1998இல் அமைந்த வலையமைப்புக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பெயாட்டே’, அதாவது பெருவழி. ஊராட்சி மன்றங்களை அதனோடு சேர்க்கும் திட்டத்துக்குப் பெயர் ‘கூலாட்டே’, ஊர்ப்பாதை. வாயில் நுழையாத ஆங்கிலச் சுருக்கெழுத்துகளைச் சூட்டாமல், மாட்டுவண்டி போகும் வழியின் பெயரைச் சூட்டினார்களே, அந்த மனப்பான்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

பாதை அமைத்தாயிற்று, பாதையில் எதை அனுப்புவது? இவ்விடத்திலே ஒரு விபரீதம் குறுக்கிட்டது. 1990களின் நடுப்பகுதியில், காவல் துறை முதலிய பல அலுவலகங்களின் பதிவேடுகளிலிருந்து மக்களின் விவரங்களைத் திரட்டி ஒன்றாக்கிய சட்டவிரோதத் தொகுப்பொன்று கள்ளச் சந்தையில் விலைபோனது. நாடு திடுக்கிட்டது. எல்லாவற்றையும் ஓரிடத்திலே குவித்தால், திருடனுக்கு ஒரே பூட்டுத்தான். தனியாள் விவரங்களைக் காக்கும் சட்டம் 1996இலும், தரவுத்தளங்கள் பற்றிய சட்டம் 1997இலும் நிறைவேறின. எல்லாப் பதிவேடுகளையும் தலைநகரில் ஒரே பெருங்களஞ்சியமாகக் கட்டும் எண்ணத்துக்கு மாறான வழி ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது.

2001 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘எக்ஸ்-டே’ என்னும் குறுக்குப்பாதை அந்த வழியாகும். அதன் இயக்கத்தைச் சற்று விளக்க வேண்டும். நிலப்பதிவேடு அதற்குரிய அலுவலகத்திலேயே இருக்கும். மக்கள் பதிவேடு, வாகனப் பதிவேடு, நோயாளர் விவரம் ஆகியனவும் அவ்வவற்றின் இடத்திலேயே இருக்கும். ஒவ்வோர் அலுவலகத்தின் வாயிலிலும் காவற்காரன்போல ஒரு பாதுகாப்புக் கணினி நிற்கும். ஓர் ஊராட்சி எழுத்தர், தம் ஊரிலே வதியும் ஒருவரின் முகவரியை உறுதிப்படுத்த வேண்டின், அவரது கேள்வி மறைகுறியாக்கப்பட்டு, முத்திரையும் நேரமும் பொறிக்கப்பட்டு, உரிய பதிவேட்டின் காவற்காரனிடம் நேரே செல்லும். கேட்க உரிமையுள்ளவரெனின் விடை வரும், இல்லையெனின் வாராது. நடுவில் எவரும் அதைத் தேக்கி வைப்பதில்லை. கேட்டவர் யார், எப்போது கேட்டார் என்பது மட்டும் பதிவாகும். தம் விவரத்தை யார் பார்த்தார் என்பதைக் குடிமகனே பல பதிவேடுகளில் கண்டுகொள்ளலாம்.

ஒரு பதிவேட்டில் உள்ள விவரத்தையே சேர்ப்பதற்கென மற்றொரு பதிவேட்டைத் தொடங்கலாகாதென்று அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஒருமுறை சொன்னதை அரசாங்கம் மறுமுறை கேட்கலாகாது என்பது அதன் உட்பொருள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை ஒரு கந்தோரில் கொடுத்து, அதே பிரதியை அடுத்த கந்தோருக்கும் உறுதிப்படுத்திச் சுமந்து செல்லும் வழக்கம் உடைய நாம், இந்த விதியின் அருமையை எளிதில் உணர்வோம். கோப்பைச் சுமந்து திரிய வேண்டியது குடிமகனா, அலுவலகமா என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

2002 முதல் அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. 2005 அக்டோபரில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் நாடு தழுவிய முறையில் இணையவழி வாக்களிப்பு முதன்முதலாக இடம்பெற்றது. அவ்வாறு வாக்களித்தோர் 9,317 பேர். வாக்களித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அல்லர். 2023 மார்ச்சில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலிலோ பாதிக்கு மேற்பட்டோர் இணையவழியே வாக்களித்தனர்.

இடையில் சோதனைகள் இல்லாமற் போகவில்லை. 2007 ஏப்ரல் மாத இறுதியில், தல்லின் நகரின் சோவியத் போர் நினைவுச் சிலை இடம் மாற்றப்பட்டதையொட்டி எழுந்த கலவரத்தோடு, அரசாங்கம், வங்கிகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் இணையத் தளங்கள் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. 2017இல் அடையாள அட்டைகளில் பொருத்தப்பட்டிருந்த சில்லில் ஒரு குறை இருப்பதை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். ஏறத்தாழ 7½ இலட்சம் அட்டைகள் அதற்கு உள்ளாயின. அரசாங்கம் அதை மூடி மறைக்காமல் செப்டெம்பரில் மக்களுக்குச் சொல்லி, நவம்பரில் பழைய சான்றுகளை நிறுத்திப் புதுப்பித்தது. குறையைச் சொன்னதனால் நம்பிக்கை போய்விடவில்லை என்பதைப் பின்வந்த தேர்தல்கள் காட்டின.

ஆனால் எல்லாம் இனிதே முடிந்ததென்று சொல்வது பொய்யாகும். கிராமப்புறங்களுக்கு ஒளியிழை வடம் கொண்டுசெல்லும் ‘எஸ்ட்வின்’ திட்டம் 2009இல் தொடங்கியது. வீடுகளுள் பெரும்பான்மையானவை வடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் அடங்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பெருவடம் ஊர்கள்தோறும் சென்றது. அங்கிருந்து தனி வீட்டுக்குச் செல்லும் அந்தக் கடைசி ஒன்றரைக் கிலோமீற்றரைத் தனியார் நிறுவனங்கள் போடும் என்று எதிர்பார்த்தனர். காட்டோரத்து ஒற்றை வீட்டுக்கு வடம் போடுவதில் இலாபம் எங்கே? அவை முன்வரவில்லை. 2018இல் 2 கோடி யூரோ உதவித்தொகையோடு, மின்சாரக் கம்பி இழுக்கும் அரசாங்க நிறுவனத்திடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. மின்கம்பம் சென்ற இடத்துக்கு ஒளியிழையும் செல்லட்டும் என்ற எளிய யோசனைக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

2017இல் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 213 ஊராட்சி, நகராட்சி மன்றங்கள் இணைக்கப்பட்டு 79 ஆயின. சில மன்றங்களில் சில நூறு பேரே வாழ்ந்தனர். அவ்வளவு சிறிய மன்றம் பள்ளியும் தெருவும் பேணுவது கடினமென்பது உண்மையே. எனினும், பத்திரம் கணினியில் கிடைத்தாலும், தன் குறையைக் கேட்க அறிமுகமான ஒருவர் எதிரே அமர்ந்திருப்பதை விரும்பும் கிழவிக்கு, மன்றம் நெடுந்தொலைவு போனது ஆறுதலான செய்தியன்று. தரவு நெருங்கி வந்தபோது மனிதர் விலகிப் போயினர் என்று குறை சொல்வோரை நான் புறக்கணிக்கமாட்டேன்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் எஸ்தோனியா லக்சம்பேர்க் நாட்டுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. தன் நிலத்தை ஒருமுறை இழந்த நாடு அது. அண்டையில் பெரிய வல்லரசு. நாளை நாடே பறிபோயினும் பதிவேடு பறிபோகலாகாது என்று அவர்கள் எண்ணினர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் சாம்பலானதை அறிந்த நம் நேயர்களுக்கு இந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. லக்சம்பேர்க்கிலுள்ள அக்கணினிக் கூடத்துக்கு வெளிநாட்டுத் தூதரகத்துக்குரிய பாதுகாப்பு உண்டு. எஸ்தோனியாவின் இசைவின்றி அந்நாட்டு அதிகாரியும் உள்ளே நுழைதல் இயலாது. நிலப்பதிவேடு, மக்கள் பதிவேடு, ஓய்வூதியப் பதிவேடு, அரச வர்த்தமானி ஆகியவற்றின் பிரதிகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன.