அளவுகோலும் ஒழுங்கையும்: களனிப் படுகையில் இணையத் தொண்டர் வரைபடத்தின் எல்லைகள்

செய்மதிப் படத்தைப் பார்த்து, தாம் ஒருபோதும் மிதித்திராத ஊரின் வீதிகளை வரையும் இணையத் தொண்டர்களின் வரலாற்றை 2010 ஜனவரி 12இன் ஹெய்ட்டி நிலநடுக்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெரும்பாலும் வெற்றிடமாகக் கிடந்த போர்ட்-ஓ-பிரின்ஸ், நூற்றுக்கணக்கானோரின் கைபட்டுச் சில வாரங்களில் வீதி வீதியாக நிரம்பியது. ஆயினும் கொழும்புக்கு இதைவிட மூத்த உரிமை உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கணினித் தொண்டர்கள் உருவாக்கிய ‘சஹானா’ மென்பொருள் காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிந்தது. மறு ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. கருவி செய்யத் தெரிந்த இந்நகரம் தன் ஆற்றங்கரையை வரைவதில் பின்தங்கியது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. இங்கு வாதிடப்படுவது ஒன்றுதான்: ஹெய்ட்டி முறை, அதாவது இடர் வந்தபின் தொலைவிலிருந்து விரைந்து வரைதல், களனி ஆற்றுப் படுகைக்குப் போதாது.

2016 மே மாதத்தில் களனி பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலைப் பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. இத்தகைய மழைநாட்களில் சாதாரண செய்மதிப் படத்தில் தெரிவது மேகம். மேகத்தை ஊடுருவும் ராடார் வயல்வெளியில் நன்றாகவே உதவும். பரந்த நீர்ப்பரப்பில் பட்ட ராடார் அலை செய்மதிக்குத் திரும்பாமல் விலகிப்போவதால் அவ்விடம் கருமையாகத் தெரியும். வீடுகள் நெருங்கிய சேதவத்தையில் கதை வேறு. அங்கே அலை நீரிலும் சுவரிலும் மாறிமாறிப் பட்டுத் திரும்புவதால், இடுப்பளவு நீர் நிற்கும் ஒழுங்கையும் உலர்ந்த ஒழுங்கைபோல வெளிச்சமாகவே தெரியக்கூடும். மக்கள் மிக நெருங்கி வாழும் இடத்தில்தான் விண்ணின் கண் மங்குகிறது.

நிலத்திலுள்ள அளவுகோலுக்கும் ஒரு குறை உண்டு. கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியில் களனியின் உயரம் இன்றும் அடிக்கணக்கிலேயே சொல்லப்படுகிறது. ஆறு எத்தனை அடி என்று அது அறிவிக்கும். அந்த உயரத்தில் எந்த ஒழுங்கைக்குள் நீர் நுழையும், எந்தச் சந்திவரை படகு போகும் என்று அறிவிக்காது. இதை அறிந்தவர்கள் அங்கே குடியிருப்பவர்களும் கிராம உத்தியோகத்தரும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பகுதிகளில் ‘தோட்டம்’ எனப்படும் நெரிசலான குடியிருப்புகளில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்கின்றன. தொலைவிலுள்ள தொண்டர் கூரையை வரையலாம். குடும்பங்களை எண்ண முடியாது.

மட்டக்களப்பில் 2013இல் உலக வங்கியின் ஆதரவோடு நடந்த பணி வேறு வழியைக் காட்டியது. உள்ளூர் இளைஞர்கள் களத்தில் நடந்து கட்டடங்களின் தன்மையையும் பயன்பாட்டையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிந்தனர். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நீர் நின்ற தெருவை யார் வேண்டுமானாலும் இணைய வரைபடத்தில் குறிக்க முடிந்ததற்கும் காரணம் உண்டு: தெருக்கள் முன்பே வரையப்பட்டிருந்தன. வெள்ளநாளின் விரைவை வறண்ட நாளின் உழைப்பே தந்தது.

எதிர்வாதம் ஒன்றை எளிதில் தள்ளிவிட முடியாது. உறுதிப்பத்திரமில்லாத ஆற்றங்கரைக் குடிசையைத் துல்லியமாக வரைந்தால், அவ்வரைபடம் நாளை வெளியேற்றத்துக்கும் உதவும். 2007 ஜூன் 7 அன்று விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பேருந்துகளில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டதையும், உயர் நீதிமன்றம் மறுநாள் அதைத் தடுத்ததையும் வெள்ளவத்தை மறக்கவில்லை. பட்டியலையும் படத்தையும் இந்நகரத்துத் தமிழர் ஐயத்தோடு பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆகவே பொது வரைபடத்தில் ஒழுங்கை, மேடு, நீர்மட்டம், தஞ்சமடையக்கூடிய பாடசாலை, கோயில், பள்ளிவாசல் ஆகியவை இருக்கட்டும். குடியிருப்போர் பெயரும் உரித்து விவரமும் அதில் இடம்பெறவே கூடாது.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். கொழும்பின் புவியியல் ஆசிரியர்கள் அதற்கு முன், ஜனவரி தொடங்கி மார்ச்சுக்குள், தம் மாணவர்களோடு ஆற்றங்கரை ஒழுங்கைகளில் நடந்து, 2016இன் நீர் எச்சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்று அங்குள்ளோரிடம் கேட்டு, தமிழிலும் சிங்களத்திலும் பதிய வேண்டும்; நீர்ப்பாசனத் திணைக்களம் அந்தப் பதிவுகளை நாகலகம் வீதி அளவோடு பொருத்தி வெளியிட வேண்டும்.