சுவரில் ஏறிய நீலம்

வீட்டுச் சுவருக்கு ஆழ்ந்த நீலம் தீட்டுவது புதிய நாகரிகம் என்று எண்ணுவோர் உளர். ஜோத்பூரைக் கண்டவர் அவ்வாறு எண்ணார். ராவ் ஜோதா 1459-இல் நிறுவிய அந்நகரின் மெஹரான்கர் கோட்டை மதிலில் நின்று நோக்கினால், பாலை நிலத்திடையே நீர் தேங்கினாற்போல நீல வீடுகள் தோன்றும்.

அந்நிறம் அந்தணர் இல்லங்களின் அடையாளம் என்பர் சிலர். வெயிலைத் தணிக்கும் என்பர் சிலர். கரையானைத் தடுக்கும் என்பர் வேறு சிலர். முன்னாளில் சுண்ணாம்புக் குழம்பில் அவுரி நீலம் கலந்து பூசினர் என்பது வழக்கு.

அவுரியிலிருந்து நீலம் எடுப்பது எளிதன்று. அறுத்த தழையைத் தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கச் செய்வர். அந்நீரை வேறு தொட்டியில் வடித்து, காற்றுப் படும்படி அடித்துக் கலக்குவர். அப்போதே நீலம் பிறந்து அடியில் தங்கும்.

அந்நீலத்தில் உழவரின் கண்ணீரும் கலந்திருந்தது. தோட்ட முதலாளிகள் முன்பணம் கொடுத்துக் கட்டாயப்படுத்தவே, வங்க உழவர் 1859-இல் அவுரி விதைக்க மறுத்து எழுந்தனர். பீகாரின் சம்பாரணில் இருபது கட்டா நிலத்துக்கு மூன்று கட்டாவில் அவுரி பயிரிட வேண்டும் என்பது கட்டாயம். 1897-இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரியின் விலை வீழ்ந்தது. முதலாளிகள் நட்டத்தை உழவர்மேல் சுமத்தினர். அவுரிக் கடமையிலிருந்து விடுவிக்க மிகுந்த வாரம் கேட்டனர். 1917-இல் காந்தியடிகள் அங்குச் சென்றார். மறு ஆண்டே சட்டம் அம்முறையை ஒழித்தது.

இன்று நீலம் கடையில் டப்பாவில் கிடைக்கிறது. நம் இல்லத்துச் சுவரில் அதைத் தீட்டும்போது, அது ஒருகால் எவர் வயலில், எவர் விருப்பத்துக்கு மாறாக விளைந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.