ஆறாதாரமும் ஆயிரவிதழ்த் தாமரையும்

உடலினுள் அமைந்த ஆதாரங்கள் ஆறா, ஏழா என்னும் வினா திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைப் பயில்வார்க்குத் தொடக்கத்திலேயே எழுவதாகும். தமிழ்ச் சைவநூல்கள் ‘ஆறாதாரம்’ என்றே பெரிதும் வழங்குகின்றன. இக்காலத்துப் பொதுநூல்களோ உச்சியிலுள்ள சகசிராரத்தையும் உடன்கூட்டிச் சக்கரங்கள் ஏழு என்கின்றன. இவ்வேறுபாடு எண்ணிக்கையளவில் நிற்பதாயின் நாம் இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆயின், ஏழென்னும் கணக்கை மனத்திற் கொண்டு பழைய பாடல்களுக்கு உரைகாண்பார், ஆறென ஆசிரியர் கூறிய இடத்து ஒன்று விடுபட்டதெனக் கருதி, அதனைத் தாமே பெய்து நிரப்ப நேர்கின்றது. அங்ஙனம் நிரப்புங்கால் உச்சியைப் பற்றி அந்நூல்கள் கூறக் கருதிய பொருளே மறைந்து போகின்றது. ஆதலின், உச்சிநிலை பற்றிய கருத்து வரலாற்றில் வளர்ந்தவாற்றை ஈண்டு ஆராய்வோம்.

தொன்மையான சான்றுகளில் உச்சி தாமரையாகப் பேசப்படவில்லை, வாயிலாகவே பேசப்படுகின்றது. உடலைப் படைத்த பரம்பொருள், தான் அதனுட் புகும் வழியை எண்ணி, மயிர்வகிர் முடியும் இடத்தைப் பிளந்து உட்புகுந்தது என ஐதரேய உபநிடதம் கூறுகின்றது. அவ்வாயிலுக்கு அந்நூல் இடும் பெயர் ‘விதிருதி’ என்பதாம். சாந்தோக்கியமும் கடோபநிடதமும் இதயத்தினின்று புறப்படும் 101 நாடிகளைக் கூறி, அவற்றுள் ஒன்றே உச்சியை நோக்கி எழுவதென்றும், அதன்வழி மேற்செல்வோன் இறவாமை எய்துவனென்றும் உரைக்கின்றன. தைத்திரீய உபநிடதத்தின் சீட்சாவல்லியும் மண்டையோடுகளைப் பிரித்துச் செல்லும் வழியொன்றைச் சுட்டுகின்றது. ஐதரேயத்தில் ஆன்மா உட்புகும் வாயில், ஏனையவற்றில் அது விடுதலை பெற்று வெளியேறும் வாயிலாகின்றது. இவற்றை ஒருங்குவைத்து நோக்கின், வந்த வழியே மீளுதல் வீடுபேறு என்னும் கருத்து அரும்பியிருத்தல் புலனாகும். கடோபநிடத உரையில் சங்கரர் மேற்செல்லும் நாடியைச் சுழுமுனை எனக் குறிப்பிடுவர்; மூலத்தில் அதற்குப் பெயரில்லை. ஆறு சக்கரம் என்னும் வரிசையும் இந்நூல்களில் இல்லை.

வாயில் என்னும் இக்கருத்து ஏட்டளவில் நின்றுவிடவில்லை. துறவியரை அடக்கம் செய்யுங்கால் சங்கினாலோ தேங்காயினாலோ உச்சியை உடைக்கும் வழக்கமும், வடநாட்டில் ஈமத்தீயில் மண்டையோட்டைத் தட்டி உடைக்கும் ‘கபாலக்கிரியை’ என்னும் சடங்கும் இதன் வழிவந்தனவே. ‘பிரமரந்திரம்’ என்னும் வடசொல் பிரமத்தின் துளை எனப் பொருள்படும். குழந்தையின் மண்டையெலும்புகள் கூடாதிருக்கும் மெல்லிடத்தை ‘உச்சிக்குழி’ எனத் தாய்மார் வழங்குவர். பிறப்பில் திறந்திருந்து பின்னர் மூடிக்கொள்ளும் இவ்விடத்தைக் கண்ட முன்னோர்க்கு, உயிர் புகுந்த வழி இதுவே என்னும் எண்ணம் தோன்றியிருத்தல் இயல்பே என்பது நம் கருத்து.

தாமரைகளாகிய சக்கரங்களைத் தந்திர நூல்களே விரித்துரைக்கின்றன. அவற்றினும் எண்ணிக்கை ஒருபடித்தாக இல்லை. கோரக்கநாதர் பெயரால் வழங்கும் சித்தசித்தாந்தபத்ததி ஒன்பது சக்கரங்களைக் கூறும். அவற்றுள் எட்டாவது பிரமரந்திரத்தில் உள்ள நிர்வாண சக்கரம், ஒன்பதாவது ஆகாச சக்கரம். வேறு நூல்கள் குறைத்தும் கூட்டியும் கூறுவன. இன்று பெருவழக்காயுள்ள மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அனாகதம், விசுத்தி, ஆஞ்ஞை என்னும் ஆறன் வரிசை குப்சிகாமத தந்திரம் போன்ற நூல்களால் நிலைபெற்றது. அந்நூலை அறிஞர் ஏறத்தாழ 10, 11ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்ததாகக் கொள்வர்.

இவ்வாறனோடு ஆயிரவிதழ்த் தாமரைக்குள்ள தொடர்பை, வங்கநாட்டுப் பூர்ணானந்தர் 1577ஆம் ஆண்டில் இயற்றிய சிரீதத்துவசிந்தாமணியின் ஆறாம் பகுதி தெளிவாக்குகின்றது. சட்சக்கர நிரூபணம் எனத் தனிநூலாக வழங்குவது இதுவே. ‘ஆறு சக்கரங்களை விளக்குதல்’ என்பது அப்பெயரின் பொருளாம். சகசிராரத்தை விரிவாகப் புனைந்துரைத்தும் நூற்பெயரில் எண் ஆறாகவே நிற்றல் கருதத்தக்கது.

அதன் காரணத்தை இதழ்க்கணக்கு ஒருவாறு காட்டுகின்றது. மூலாதாரத்திற்கு 4, சுவாதிட்டானத்திற்கு 6, மணிபூரகத்திற்கு 10, அனாகதத்திற்கு 12, விசுத்திக்கு 16, ஆஞ்ஞைக்கு 2 என இதழ்கள் கூறப்படும். இவற்றைக் கூட்ட 50 ஆகும். வடமொழி எழுத்துகள் ஐம்பதும் இதழுக்கு ஒன்றாக அமைந்துள்ளன. சகசிராரத்திற்குத் தனியெழுத்து எஞ்சவில்லை. அந்த ஐம்பதும் இருபதுமுறை மடங்கி ஆயிரமாகி அதன் இதழ்களில் நிற்கின்றன. ஆகவே, ஆறு தாமரைகளிலும் பிரிந்து கிடந்தவை யாவும் ஒருங்கு தொக்க நிலையே உச்சித்தாமரை என்பது போதரும். தொகையை அதன் உறுப்புகளோடு சேர்த்து மற்றுமோர் உறுப்பாக எண்ணுதல் பொருந்தாது. அத்தாமரை முழுமதியினும் வெண்மையதென்றும், தலைகீழாகக் கவிழ்ந்து தொங்குவதென்றும், அதன் நடுவே வெளியொன்று உளதென்றும் பூர்ணானந்தர் கூறுவர். அவ்விடத்தைச் சைவர் சிவன் இருப்பிடம் என்பர், வைணவர் பரமபுருடன் இருப்பிடம் என்பர், தேவியின் அடியார் தேவியின் இருப்பிடம் என்பர் எனவும் அவர் குறிக்கின்றார். சமய வேறுபாடுகளும் ஆண்டு வந்து கூடுகின்றன போலும்.

சிவசங்கிதையும் ஆறு தாமரைகளைக் கூறி முடித்த பின்னரே சகசிராரத்தைக் கூறுகின்றது. பிரமாண்டம் எனப்படும் இவ்வுடலுக்குப் புறத்தே நிற்பது அது என்றும், கயிலை என்பது அதன் பெயரென்றும் அந்நூல் உரைக்கும். உடலுக்கு அப்பாற்பட்டதை உடலிலுள்ள ஆதாரங்களோடு ஓரினமாக எண்ணாமை இதனால் மேலும் வலியுறும்.

இனித் தமிழ் மரபை நோக்குவோம். ஔவையார் பெயரால் வழங்கும் விநாயகர் அகவல் உச்சியைக் ‘கபாலவாயில்’ என்கின்றது. உபநிடதங்களிற் கண்ட வாயில் இங்கும் வாயிலாகவே நிற்றல் காண்க. மெய்கண்ட சாத்திரங்களுள் காலத்தால் முற்பட்டதெனக் கொள்ளப்படும் திருவுந்தியார் ஆதாரம், நிராதாரம், மீதானம் என மூன்று படிகளை அமைக்கின்றது. பற்றி நிற்றற்குரியது ஆதாரம். பற்றுக்கோடின்றி நிற்பது நிராதாரம். அதற்கும் மேற்பட்டது மீதானம். உச்சிக்குமேல் பன்னிரண்டு விரல் அளவில் உள்ளதாகக் கூறப்படும் துவாதசாந்தமும் இக்கருத்தோடு இயைவதே. தலபுராண மரபு திருவாரூரை மூலாதாரமாகவும், திருவானைக்காவைச் சுவாதிட்டானமாகவும், திருவண்ணாமலையை மணிபூரகமாகவும், தில்லையை அனாகதமாகவும், திருக்காளத்தியை விசுத்தியாகவும், காசியை ஆஞ்ஞையாகவும் கொள்ளும். மதுரையோ துவாதசாந்தத் தலம் எனப் போற்றப்படும். ஆறு தலங்களையும் எண்ணிய பின்னர், எண்ணுக்கு அப்பாற்பட்டதாகவே மதுரை வைக்கப்பட்டது.

உச்சியை அடைதல் முடிந்த பேறாகுமோ என்பதில் இரு மரபுகளும் வேறுபடுகின்றன. சாத்த நூல்களில் குண்டலினி ஆறு தாமரைகளையும் ஊடுருவி, ஆயிரவிதழ்த் தாமரையில் சிவத்தோடு கூடி, அமுதம் பருகி, மீண்டும் மூலாதாரத்திற்குத் திரும்புவதாகப் பூர்ணானந்தர் கூறுவர். சவுந்தரியலகரியும் அத்தாமரையில் தேவி தன் தலைவனோடு கூடியிருத்தலைப் பாடுகின்றது. சைவசித்தாந்தமோ சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளை வகுத்து, யோகத்தின் பயன் சாரூபம் என்றும், சாயுச்சியம் ஞானத்தாலேயே எய்தப்படுவதென்றும் கொள்ளும். ஆகவே, சித்தாந்திகட்கு ஆதாரங்களைக் கடந்து உச்சியை எய்துதல் வாயிலை அடைதலேயாம். அதன் அப்பால் அழைத்துச் செல்வது திருவருள். முயற்சியின் எல்லை இதுவென உணர்த்துதற்கே நிராதாரம் என்னும் சொல் வேண்டப்பட்டது எனலாம்.

ஏழென்னும் கணக்குப் பரவியதன் வரலாறும் அறியத்தக்கது. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சர் சான் உட்ராப், ஆர்தர் அவலான் என்னும் பெயரில் 1919ஆம் ஆண்டில் பூர்ணானந்தரின் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர்ப் பிரமஞான சபையைச் சார்ந்த லெட்பீட்டர் 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் உச்சியை ஏழாம் சக்கரமாக எண்ணியது. சுவாதிட்டானத்தின் இடத்தில் மண்ணீரற் சக்கரத்தையும் வைத்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வானவில்லின் ஏழு நிறங்களும் இவ்வரிசைக்கு உரியவாக்கப்பட்டன. பூர்ணானந்தர் கண்ட வெண்ணிறத் தாமரை அதனால் ஊதாநிறம் பெற்றது. புதுக்கணக்கைக் கையாள்வார்க்கு அது பயன்படலாம்; அதனைப் பழித்தல் நம் நோக்கமன்று. ஆயினும், அதனைப் பழைய நூல்களின் கருத்தாகக் கொள்ளுதல் வரலாற்றோடு பொருந்தாது.

இதுகாறும் கூறியவற்றால், உச்சி முதலில் வாயிலாகவும், பின்னர் அனைத்தெழுத்தும் தொக்க தாமரையாகவும், தமிழ்ச் சைவரிடத்து ஆதாரங்கடந்த நிலையாகவும் கருதப்பட்டமை விளங்கும். உருவகங்கள் மாறினும், அது ஏறிக் கடக்கும் படிகளுள் ஒன்றன்று என்னும் உணர்வு இம்மூன்றிலும் தொடர்ந்து வந்துள்ளது. ஆகலின், ‘ஆறாதாரம்’ எனப் பாடல் கூறுமிடத்து உரைகாண்பார் ஏழாவதொன்றை வருவித்துரைத்தல் வேண்டா. ஆறென்று எண்ணி நிறுத்தியதிலேயே ஆசிரியர் தம் கருத்தை உணர்த்தியுள்ளார் என்க.