கண்டி மலைப்பகுதியின் பெருந்தோட்டக் கால அரசியல், சமூக மாற்றம்

மகாவலி கங்கையை ஒட்டிப் பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையே அமைந்த கெலிஓயாவும் அதைச் சூழ்ந்த கண்டி மலைப்பகுதியும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அரசனுக்குச் செலுத்தும் வரியையும் பெரும்பாலும் உடலுழைப்பாகவே கொடுத்துவந்த நெல்வயற் கிராமங்களாக இருந்து, அந்நூற்றாண்டு முடிவதற்குள் இலண்டன் சந்தையின் விலையோடு ஏறி இறங்கும் ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் உறுப்பாக மாறின. ஐரோப்பாவில் நெசவாலையும் இரும்பாலையும் செய்த வேலையை இங்கே கோப்பித் தோட்டமும் தேயிலைத் தொழிற்சாலையும் செய்தன. ஆயினும் ஐரோப்பியத் தொழிலாளி ஆலையை விட்டு வெளியேறியதும் தன் நகரத்துத் தெருவில் நின்றான். கண்டி மலையின் தொழிலாளியோ வேலை முடிந்த பின்னும் தோட்டத்துரைக்குரிய நிலத்தில், துரை கட்டிய வரிசைக் குடியிருப்பான லயத்தில், துரையின் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே வாழ்ந்தான். இப்பகுதியின் பிற்கால அரசியல் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைத்தது.

1815 மார்ச்சு 2ஆம் நாள் கையொப்பமான கண்டி உடன்படிக்கையின் மூலம் பிரித்தானியர் கண்டி இராச்சியத்தைப் பெற்றனர். 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதியை அமைத்ததோடு பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தாமே கோப்பி பயிரிட்டார். ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளையை அடுத்த சிங்ஹாபிட்டியில் தோட்டம் திறந்தார். நிலம் பெற்றவன் அரசனுக்கு உழைத்துத் தீர்க்கவேண்டிய இராஜகாரிய முறை, கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் ஒழிக்கப்பட்டது. எனினும் இப்பெரும் மாற்றங்களைவிடக் கிராமத்தவரை ஆழமாகத் தாக்கியது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலங்கள் சட்டமே. உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்கே உரியவை எனக் கொள்ள அது வழிசெய்தது. பரம்பரையாகக் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வந்த மலைச்சரிவுகள் இவ்வாறு தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்பெயினில், 1836இல் அமைச்சர் மெந்திசாபல் தொடங்கி 1855இல் அமைச்சர் மதோஸ் விரிவாக்கிய சட்டங்களின்படி திருச்சபை நிலங்களும் ஊர்ப் பொது நிலங்களும் ஏலம் விடப்பட்டு, அண்டலூசியாவின் ஏழை உழவர் கூலியாட்களாக எஞ்சினர். பொது நிலத்தைத் தனியுடைமையாக்குவதே முன்னேற்றம் என்னும் அக்காலக் கொள்கை, கடல்கள் கடந்தும் ஒரே வகைத் துயரையே விளைத்தது.

புதிய வரிகளும் நில இழப்பும் சேர்ந்து 1848இல் மாத்தளையில் கிளர்ச்சியாக வெடித்தன. தலைமை தாங்கிய புரன் அப்பு ஆகஸ்டு மாதம் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்; அடக்குமுறையின் கடுமை இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை எட்டியதால் தேசாதிபதி டொரிங்டன் பதவி விட்டுப் போக நேர்ந்தது.

நிலம் கிடைத்த பின் ஆள் தேவைப்பட்டது. கண்டிச் சிங்கள உழவர், தம் வயலை விட்டுவிட்டு முழுநேரக் கூலிக்கு வர விரும்பவில்லை. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் சாதி ஒடுக்குமுறையும் துரத்த வந்த தமிழர், மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காடு கடந்து நடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானவர் பலர். இவர்களைத் திரட்டி அழைத்துவந்தவர் கங்காணி. ஊரில் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடனாகப் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறியது. அக்கடனைத் தீர்த்தால் கூட்டத்தை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டு ‘துண்டு’ எனப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மனிதரோடு கடனும் கைமாறிய இம்முறை 1921இல் சட்டத்தால் நீக்கப்படும்வரை நிலைத்தது. இதை வெறும் ஆட்சேர்ப்பு முறை என்று எழுதுவது போதாது. பிறக்கும் குழந்தைக்குமுன் கடன் பிறந்த வாழ்க்கை அது.

இரயில் பாதை 1867இல் கண்டியை எட்டி, 1873இல் கெலிஓயா வழியாகக் கம்பளைக்கும் அடுத்த ஆண்டு நாவலப்பிட்டிக்கும் நீண்டது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை இருபது ஆண்டுகளுக்குள் அழித்தபோது, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பி பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் கேட்டது; தேயிலை ஆண்டு முழுவதும் கேட்டது. ஆகவே வந்துபோனவர்கள் குடும்பமாகத் தங்கினர். பெண்கள் கொழுந்து பறிக்கும் முதன்மைத் தொழிலாளராயினர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமும் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவும் மாரியம்மன் கோவிலும் கொண்ட நிலையான சமூகம் ஒன்று உருவாயிற்று.

இரயில் நிலையங்களை ஒட்டிக் கடைவீதிகளும் வளர்ந்தன. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழ்ந்து வணிகம் செய்த இச்சிறுநகரங்களில் போட்டியும் பகையும் கலந்தே இருந்தன. கம்பளையில் பள்ளிவாசல் முன்பாகப் பெரஹெரா ஊர்வலம் மேளத்தோடு செல்லும் உரிமை பற்றிச் சிங்களவரின் தெய்வக் கோவிலான வலஹகொட தேவாலயம் தொடுத்த வழக்கில், கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகவும் 1915 தொடக்கத்தில் உயர்நீதிமன்றம் எதிராகவும் தீர்ப்பளித்தன. அவ்வாண்டு மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட சிங்கள–முஸ்லிம் கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவி, இராணுவச் சட்டத்தில் முடிந்தது.

தொழிலாளரின் அரசியல் எழுச்சியை கோ. நடேசய்யரிடமிருந்து தொடங்குவதே முறை. 1921இல் ‘தேசநேசன்’ நாளிதழை நடத்திய அவர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தாமே பாட்டெழுதித் தோட்டக் கூட்டங்களில் பாடினார். தோட்டத்துள் வெளியார் நுழைவதே அத்துமீறலாகக் கருதப்பட்ட காலத்தில் இவர்கள் செய்த பணிக்கு இலங்கை வரலாற்று நூல்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை. டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931இல் 21 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலாரும் வாக்களித்தனர். ஸ்பெயினின் பெண்கள் தம் நாட்டுப் பொதுத்தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1933இல்தான். எனினும் இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு நிலையான வதிவை நிறுவவேண்டும் என்ற நிபந்தனை தடையாக விதிக்கப்பட்டது. அத்தடையைத் தாண்டியும் ஹட்டன் தொகுதியில் 1931இல் பெரி சுந்தரமும் 1936இல் நடேசய்யரும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர்.

1937இல் மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் பயிற்சி பெற்ற மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளையரை, நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசியதற்காக நாடு கடத்த உத்தரவிடப்பட்டது. உயர்நீதிமன்றம் அவ்வுத்தரவைச் செல்லாததாக்கியது. நேருவின் வருகையையொட்டி 1939 ஜூலையில் இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. அதன் கம்பளைக் கிளையிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமைக்கு உயர்ந்தார். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டையின் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டில் உயிர் நீத்தார். அவரை மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி எனத் தோட்ட மக்கள் நினைவுகூர்கின்றனர்.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது; நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் தெரிவானார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது. தொகுதிகள் மட்டும் வாக்கற்றவரையும் சேர்த்த மக்கள்தொகையின்படியே பிரிக்கப்பட்டதால், அவர்களுடைய எண்ணிக்கை பிறருடைய வாக்குக்கு வலுவூட்டியது. ஜனநாயக வழியில் தெரிவான பாராளுமன்றம் ஒரு தொழிலாளர் வர்க்கத்தையே வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கிய இச்செயல், இப்பகுதி வரலாற்றின் மிகப் பெரிய அநீதி எனலாம். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இப்பங்கீடுகளில் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, கண்டியின் நடுத்தர மலைத் தோட்டங்களில் வேலையும் லயமும் இழந்த தமிழ்க் குடும்பங்கள் பசியோடு கம்பளை, கண்டி வீதிகளுக்கு வந்தன. பலர் வவுனியாவுக்குச் சென்று குடியேறினர். 1977 மே மாதம், தோட்டக் காணிகளைப் பிரிப்பதை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுடப்பட்டு இறந்தார். அடுத்த சில ஆண்டுகளின் இனவன்முறைகள் இப்பகுதியையும் தாக்கின. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி 1984இல் கிடைத்தது. குடியுரிமை 1988இலும், இறுதியாக 2003இலும் இயற்றிய சட்டங்களால் மீண்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிந்திய சட்டத்தின்படி குடிமக்களாயினர். 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. வீட்டுக்கும் காணிக்கும் உறுதிப்பத்திரம் வேண்டும் என்னும் கோரிக்கையே அதன்பின் மலையக அரசியலின் முதற் கோரிக்கையாக நிற்கிறது.