ஆபரேட்டர் போனார், அவர் நாற்காலி போகவில்லை

கையில் கட்டிய வாட்ச் இதயத்துடிப்பை எண்ணுகிறது. வாசல் காலிங் பெல் தெருவில் போகிறவர்களைப் படம் பிடிக்கிறது. கரண்ட் மீட்டர்கூட இப்போது ‘ஸ்மார்ட்’. இந்தக் கணக்கெல்லாம் நம் வீட்டு அலமாரியில் இல்லை, ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரில் கிடக்கிறது. போலீஸ் அதைக் கேட்டால் கம்பெனி அப்படியே எடுத்துக் கொடுத்துவிடலாமா, கோர்ட் வாரண்ட் வேண்டுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வியின் பழைய சரித்திரத்தைக் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். தோண்டத் தோண்ட எல்லாம் ஒரு லேண்ட்லைன் போனில் போய் நிற்கிறது.

1976 மார்ச் மாதம், மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரம். ஒரு பெண்ணிடம் வழிப்பறி நடக்கிறது. திருடனின் அடையாளத்தையும், அங்கே பார்த்த ஒரு மான்டே கார்லோ காரையும் போலீஸிடம் சொல்கிறார். பிறகு அவர் வீட்டுக்கு மிரட்டல் போன் வர ஆரம்பிக்கிறது. பேசுகிறவன் தானே திருடன் என்கிறான். ஒரு தடவை வாசலுக்கு வரச் சொல்கிறான். அவர் வந்து பார்த்தால் அதே கார் மெதுவாக ஊர்ந்து போகிறது. போலீஸ் அந்தக் காரைக் கண்டுபிடித்து, நம்பர் பிளேட்டை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, டெலிபோன் கம்பெனியிடம் ஓர் உதவி கேட்கிறது. எக்ஸ்சேஞ்சில் அவன் லைனில் ‘பென் ரிஜிஸ்டர்’ என்ற கருவி மாட்டப்படுகிறது. வாரண்ட் கிடையாது.

பென் ரிஜிஸ்டர் பேச்சைக் கேட்காது. பழைய டயல் போனில் 5 சுற்றினால் ஐந்து துடிப்பு போகும், 0 சுற்றினால் பத்து. அந்தத் துடிப்புகளை எண்ணி, எந்த நம்பருக்குப் போன் போனது என்று குறித்துவைக்கும், அவ்வளவுதான். மாட்டிய அன்றே அவன் அந்தப் பெண் வீட்டுக்குப் போன் செய்தான். அதை வைத்து வாரண்ட் வாங்கி வீட்டைச் சோதித்தார்கள். டெலிபோன் டைரக்டரியில் அந்தப் பெண் பெயர் இருந்த பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது.

ஆள் குற்றவாளிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சிக்கல் அதுவும்தான். இவ்வளவு தெளிவான வழக்கில், இவ்வளவு சின்ன விஷயத்துக்காக எழுதப்பட்ட தீர்ப்பு பின்னால் எவ்வளவு தூரம் நீளும் என்று அன்றைக்கு யார் யோசித்திருப்பார்கள்?

‘ஸ்மித் எதிர் மேரிலாந்து’ வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1979இல் 5–3 என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹாரி பிளாக்மன். அவருடைய வாதத்தின் சாரம் இது: நீ டயல் செய்யும் நம்பரை நீயே டெலிபோன் கம்பெனிக்குக் கொடுக்கிறாய், கொடுத்ததை ரகசியம் என்று சொல்ல முடியாது. முன்காலத்தில் ஆபரேட்டரிடம் வாயால் நம்பர் சொல்லியிருந்தால் ரகசியம் என்று கோரியிருக்க முடியுமா? இன்றைய சுவிட்ச் இயந்திரம் அந்த ஆபரேட்டரின் நவீன வடிவம்தான்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால், அந்த இயந்திரம் பிறந்த கதையே வேறு. கன்சாஸ் சிட்டியில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், சவ அடக்கத் தொழில் செய்தவர். போட்டிக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, தனக்கு வர வேண்டிய அழைப்புகளைத் திருப்பி விடுகிறார் என்று அவருக்குச் சந்தேகமாம். இது கர்ண பரம்பரைக் கதை, எவ்வளவு உண்மையோ. ஆனால் அவர் 1891இல் தானியங்கி சுவிட்சுக்குப் பேடண்ட் வாங்கியதும், 1892இல் இண்டியானா மாநிலத்து லா போர்ட் ஊரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறந்ததும் உண்மை. நடுவில் இருக்கும் ஆளை எடுத்துவிடத்தான் இயந்திரம் வந்தது. எண்பத்தேழு வருஷம் கழித்து கோர்ட் அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது!

அந்த உவமையில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஆபரேட்டர் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் பாதி நம்பர் மறந்துபோகும். இயந்திரம் மறக்காது. டிரங்க் கால் புக் செய்து காத்திருந்த தலைமுறையைக் கேளுங்கள், ஆபரேட்டர் ஒட்டுக் கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கேற்ப அளந்துதான் பேசுவார்கள். அப்புறம் எஸ்டிடி பூத் வந்தது. நம்பர், நேரம், காசு எல்லாம் அச்சடித்த சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார்கள். அதுவும் ஒரு பென் ரிஜிஸ்டர்தான், ஆனால் நாம் யாருமே அதை அப்படிப் பார்த்ததில்லை. ஸ்மித் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே. டெலிபோன் கம்பெனி உள்ளூர் அழைப்புகளை வழக்கமாகப் பதிவே செய்வதில்லை என்று வாதிடப்பட்டது. பதிவு செய்ததா என்பது முக்கியமில்லை, செய்ய முடியும் என்பதே போதும் என்றது கோர்ட்.

இதற்கு முன்னால் நிலைமை இப்படி இல்லை. 1928இல் ஓம்ஸ்டெட் வழக்கில், வீட்டுக்குள் நுழையாமல் வெளிக்கம்பியில் ஒட்டுக் கேட்டால் அது சோதனையே ஆகாது என்றார்கள். 1967இல் காட்ஸ் வழக்கில் அதை மாற்றினார்கள். பொது டெலிபோன் பூத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவனுக்கும் அந்தரங்கம் உண்டு என்றார்கள். ஆக, பேச்சு காப்பாற்றப்பட்டது. பன்னிரண்டு வருஷத்தில் நம்பர் கைவிடப்பட்டது. நீதிபதி தர்குட் மார்ஷல் மட்டும் மாற்றுத் தீர்ப்பில் ஒன்றைக் கேட்டார். போன் இல்லாமல் வாழ முடியாத காலத்தில் ‘நீயாகத்தானே கொடுத்தாய்’ என்பதற்கு என்ன அர்த்தம்? எனக்கு இன்றைக்கும் இதற்குப் பதில் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால், அமெரிக்க உளவு நிறுவனம் என்எஸ்ஏ கோடிக்கணக்கான அழைப்பு விவரங்களை மொத்தமாகச் சேர்த்துவந்தது தெரிந்தது. அரசுத் தரப்பு நீட்டிய முக்கியமான ஆதாரம் எது தெரியுமா? ஒரே ஒரு சந்தேக ஆளின் லைனில் மாட்டிய அந்தப் பால்டிமோர் கருவி பற்றிய தீர்ப்புதான்.

இந்தியாவில் இந்த வழி அப்படியே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வங்கியில் இருக்கும் கணக்கு விவரம் வாடிக்கையாளரின் அந்தரங்கம் இல்லை என்று அமெரிக்கா 1976இல் மில்லர் வழக்கில் சொன்னது. நம் சுப்ரீம் கோர்ட் கனரா வங்கி வழக்கில் அதை ஏற்க மறுத்தது. அந்தரங்கம் இடத்தைச் சார்ந்தது இல்லை, ஆளைச் சார்ந்தது என்றது. அழகான வரி. தினசரி நடைமுறையில் எவ்வளவு நிற்கிறது என்பது வேறு கதை, அதைத் தனியாக எழுத வேண்டும்.

அமெரிக்காவிலும் 2018 ஜூனில் ஒரு விரிசல் விழுந்தது, கார்ப்பென்டர் வழக்கில். ஓர் ஆளின் செல்போன் எந்தெந்த டவரைத் தொட்டது என்று 127 நாள் கணக்கை வாரண்ட் இல்லாமல் வாங்கியிருந்தார்கள். மொத்தம் 12,898 இடக்குறிப்புகள். இதற்கு வாரண்ட் வேண்டும் என்று 5–4இல் தீர்ப்பு வந்தது. ஆனால் ஸ்மித் தீர்ப்பை ரத்து செய்யவில்லை, இது டவர் விஷயத்துக்கு மட்டும் என்று வேலி போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து கரண்ட் மீட்டர் வந்து நின்றது. இல்லினாய் மாநிலம், நேப்பர்வில் நகரம். அங்கே மின்சாரம் கொடுப்பது நகராட்சியேதான். வீட்டுக்கு வீடு மாட்டிய ஸ்மார்ட் மீட்டர் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கிறது. அதைப் பார்த்தாலே வீட்டில் ஆள் இருக்கிறார்களா, எப்போது தூங்குகிறார்கள் என்று ஊகிக்கலாம். ஏழாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட், இப்படிச் சேர்ப்பது வீட்டைச் சோதிப்பதுதான் என்று ஒத்துக்கொண்டது. வீட்டில் கரண்ட் எரிப்பதாலேயே ஒருவர் விவரத்தை விரும்பிக் கொடுத்துவிட்டதாக ஆகாது என்றும் சொன்னது. கடைசியில் நகராட்சிதான் ஜெயித்தது. மின் வினியோகத்துக்காகச் சேர்க்கிறார்கள், குற்றம் கண்டுபிடிக்க இல்லை, அதனால் நியாயமான சோதனைதான் என்பது காரணம். போலீஸுக்கு எளிதாகக் கிடைக்கிற மாதிரி இருந்தாலோ, இன்னும் குறைந்த இடைவெளியில் கணக்கெடுத்தாலோ முடிவு மாறலாம் என்று ஒரு வரியும் சேர்த்தது.

நம்ம ஊர் மின்வாரியத்திலும் ஸ்மார்ட் மீட்டர் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தால், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கும், அதை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று மாட்ட வருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.