புறப்பாட்டுக் கட்டுப்பாட்டு இழப்பு

ஓடுபாதையில் விரையும்போதோ தரையை விட்டெழுந்த முதல் நொடிகளிலோ பயிற்சி விமானம் மாணவ விமானியின் கைமீறித் திசையோ சமநிலையோ தவறுவது புறப்பாட்டுக் கட்டுப்பாட்டு இழப்பு எனப்படும். ஓடுபாதையை விட்டு விலகுதல், எழுந்ததும் ஸ்டால் ஆதல் (இறக்கை தூக்குவிசையை இழத்தல்) என இது இரு வகைப்படும்.

செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களில், விமானி பார்வையில் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். முழு விசை கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது ரடர் (வால் சுக்கான்) மிதியை அழுத்தியே நேராக்க வேண்டும். கார் ஓட்டிப் பழகிய மாணவர் கைப்பிடியைத் திருப்புகிறார். அது இறக்கையிலுள்ள ஏலரானைத்தான் அசைக்கும், ஓட்டத்தைச் சீராக்காது. பின்பு பதறி மிதியை ஓங்கி அழுத்த, விமானம் மறுபக்கம் பாய்கிறது.

போதிய வேகம் சேருமுன் மூக்கைத் தூக்குவது இரண்டாம் வகைக்குக் காரணம். செஸ்னா 172இல் சுமார் 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்குவர். தரையொட்டிய காற்றின் ஆதரவில் அதற்கு முன்பே விமானம் எழும்பக்கூடும்; சற்று உயர்ந்ததும் அந்த ஆதரவு நீங்கி ஸ்டால் ஆகலாம். தாம்பரம் வட்டாரக் கோடையில் காற்று மெலிவதால் இடர் கூடுகிறது: 40 பாகை செல்சியஸில் கடல்மட்டக் காற்றின் அடர்த்தி, திட்ட வளிமண்டலத்தில் ஏறத்தாழ 3,000 அடி உயரத்துக் காற்றுக்கு நிகராகும்.

இருக்கைப் பூட்டு நழுவுவதும் ஆபத்தே. விமானி பின்னுக்குச் சரிய, பிடித்த கைப்பிடியும் உடன்வந்து மூக்கை அளவுமீறித் தூக்கும். செஸ்னா இருக்கைத் தண்டவாளங்களைச் சோதிக்க அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. 1987இல் ஆணையிட்டது.

ஓட்டம் கோணியவுடன் எஞ்சின் விசையைக் குறைக்கத் திராட்டிலை முழுதும் இழுத்துப் புறப்பாட்டைக் கைவிடும் பழக்கமே தலையாய காப்பு.