வால்வு கிட்டார் ஆம்ப்: எஃபெக்ட், மிக்ஸர் இணைப்பு

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பில் பிறக்கும் சிறு மின்குறியை வெற்றிடக் குழாய்களால் பெருக்கி ஸ்பீக்கரை இயக்கும் கருவி வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர். நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் உள்ள எருமப்பட்டி போன்ற ஊர்களின் திருவிழா மேடைகளில் இதைக் காண்பது அரிது. மெல்லிசைக் குழுவின் கிட்டார் பெரும்பாலும் எஃபெக்ட் பிராசஸர் வழியாக நேரே மிக்ஸருக்குப் போய்விடும். வால்வு ஆம்பை மேடையேற்றுகிறவர் மைக்செட்காரரிடம் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு: ஆம்பின் ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து மிக்ஸருக்கு நேராக ஒயர் இழுக்கக் கூடாது.

30 வாட் ஆம்ப் 8 ஓம் ஸ்பீக்கருக்கு முழுத் திறனில் ஏறத்தாழ 15.5 வோல்ட் தருகிறது. மிக்ஸரின் லைன் உள்ளீடு எதிர்பார்க்கும் அளவோ 1.23 வோல்ட், மைக் உள்ளீட்டுக்குச் சில மில்லிவோல்ட்டே போதும். மிக்ஸர் பழுதாவது பாதிக் கதைதான். அந்த ஒயரைச் செருக ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் மிகை மின்னழுத்தம் எழும்பி, வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கும், சுருளின் காப்பு எரியும். டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமலும் சும்மா ஓடும். அதிலேயே கைப்பழகியவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு குழப்பம் நம்மூருக்கே உரியது. தெருநெடுக மின்கம்பங்களில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர்கள் வழக்கமாக 100 வோல்ட் லைனில், ஒவ்வொன்றுக்கும் தனி லைன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓடுபவை. கிட்டார் ஆம்பின் 4, 8, 16 ஓம் ஜாக்குகளுக்கும் அந்த லைனுக்கும் ஒட்டே கிடையாது.

மிக்ஸருக்கு ஒலியைக் கொண்டுபோகச் சிறந்த வழி மைக். வால்வு ஆம்பின் நாதத்தில் பவர் வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு எல்லாவற்றுக்கும் பங்குண்டு. மைக் மட்டுமே அத்தனையையும் சேர்த்து எடுக்கிறது. 1965-இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கை ஸ்பீக்கரை மூடிய துணியிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் நிறுத்த வேண்டும். கூம்பின் நடுவில் குறிவைத்தால் ஒலி கூர்மையாக வரும். ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மழுங்கும். மிக்ஸரின் ஈக்வலைசர் திருகுகளைத் தொடுவதற்கு முன் மைக்கை நகர்த்திப் பார்ப்பதே சரியான வேலைமுறை. மேடை நெருக்கடியால் மைக் வைக்க முடியாவிட்டால், ஸ்பீக்கருக்கு ஈடான சுமையாக நிற்கும் லோடு பாக்ஸ் வேண்டும். அதிலிருந்து வரும் லைன் ஒலி, ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையைப் போலி செய்யும் சிமுலேட்டர் வழியாகப் போகாவிட்டால், ஈ ரீங்காரம் போலக் கீச்சிடும்.

எஃபெக்ட்களில் வரிசைதான் முக்கியம். வா, ஓவர்டிரைவ் பெடல்கள் கிட்டாருக்கும் ஆம்பின் உள்ளீட்டுக்கும் நடுவில் அமையும். கரகரப்பை ஆம்பின் பிரீஆம்ப்பே உண்டாக்குகிறது என்றால், டிலே, ரிவெர்ப் இரண்டையும் அதற்குப் பின், செண்ட்–ரிட்டர்ன் ஜாக்குகளுக்கு இடையில் சேர்க்க வேண்டும். முன்னால் போட்டால் எதிரொலியும் கரகரத்து, சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பும். சில ஆம்ப்களில் செண்ட் லைன் அளவில் வருவதால் சிறு பெடல்கள் திணறும். அளவு குறைக்கும் சுவிட்ச் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். செண்ட்–ரிட்டர்ன் இல்லாத பழைய ஃபெண்டர் வகை ஆம்ப்களுக்கு, எதிரொலியை மிக்ஸரின் ஆக்ஸ் வழியாகச் சேர்ப்பது நல்லது.

ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறு பிளக்கிலும் மின்சாரம் எடுத்து, லைன் கேபிளும் இரண்டையும் இணைத்தால், எர்த் சுற்றி வந்து 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும். அந்தக் கேபிளின் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை வைத்து, அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ரீங்காரத்துக்குப் பயந்து பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குவது உயிரோடு விளையாடுவது. 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்ஸீ மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்தார். ஜெனரேட்டரில் ஓடும் கச்சேரியில், வாசிக்கும் முன் கிட்டார் கம்பிக்கும் மைக் வலைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கச்சேரி முடிந்ததும் மிக்ஸரில் அந்தச் சேனலை அடைத்து, ஆம்பை அணைத்து, வால்வுகள் ஆறிய பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். சூடான வால்வின் உள்ளுறுப்புகள் குலுக்கலில் எளிதில் சேதமாகும். பிளக்கை எடுத்த பின்பும் ஃபில்டர் கண்டென்சர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.